மூன்றாம் கிழமையில் போன வேலை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சமூக சேவை அமைச்சுக்கும் தொழில் அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வராத எங்கள் ஆட்களுக்குக் கதைத்துக் கொடுக்க வெல்ஃபெயர் அலுவலகத்துக்கும் வேலை தேடித்தரும் நிலையத்துக்கும் கூடப் போய்வருவேன். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் பிடித்த வேலை. போன மாரியில் அப்படிக் கூடப்போன ஓர் அக்காவுக்காக இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது, தனி ஆள். ஏஜென்சி ஒன்றின் மூலம் வெயர்ஹவுஸில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. நிலையத்தில் கைகுலுக்கினார்கள், கணினியில் ஏதோ பதிந்தார்கள், எங்களுக்கும் சந்தோசம். வெளியே வந்த பிறகுதான் சேஃப்ரி சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தது. வாங்கக் கையில் காசில்லை. அதற்குப் பணம் கொடுக்க உங்கள் விதிகளில் இடமுண்டு, எனக்கும் தெரியும். ஆனால் கேட்க வேண்டியது வெல்ஃபெயர் அலுவலகத்தில் அவரின் கோப்பைப் பார்க்கும் கேஸ் வேக்கரிடம். வேலை பிடித்துத் தந்தவர் இருப்பதோ வேறு கட்டிடத்தில். ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்ல, மற்றவர் படிவம் அனுப்பச் சொல்ல, ஆறு நாள் போய்விட்டது. அக்கா பக்கத்து வீட்டுப் பெடியனின் சப்பாத்தை இரவல் வாங்கி, முனையில் இரண்டு சோடி காலுறையைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. ரொறன்ரோவில் ஞாயிறன்று சப்வே ஓடத் தொடங்குவதே எட்டு மணியளவில்தான். ஸ்காபரோவுக்கென்று இருந்த எஸ்.ஆர்.ரி. ரயிலும் 2023 யூலையில் தடம் புரண்ட பிறகு மூடியே போனது. பஸ் மாறி மாறிப் போய் இரண்டு ஞாயிறு பிந்தினார். வேலையால் நிற்பாட்டியதாக ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமையோடு வேலைக்கு வரச்சொல்லும் ஏஜென்சியின் டெக்ஸ்ட் வருவது நின்றது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் முடிந்ததும் நிலையத்தில் இருந்து அழைப்பு வந்தது. இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ரெஸ்யூமே வகுப்புக்கு நாள் குறித்தார்கள். அந்த ரெஸ்யூமேயில் ஒரு பிழையும் இல்லை. நானே மூன்று தரம் பார்த்திருக்கிறேன்.

2021 தொடக்கத்தில் பீல், ஹமில்ரன்–நயாகரா, மஸ்கோகா–கவார்த்தா பகுதிகளில் நீங்கள் தொடங்கிய மாற்றம் பிறகு ரொறன்ரோவையும் எட்டியது. அதன்படி ஆளின் வாழ்க்கையை நிலைப்படுத்துவது கேஸ் வேக்கரின் பொறுப்பு, வேலை தேடித்தருவது நிலையத்தின் பொறுப்பு. ஆள் வேலையில் நிலைத்தாரா என்று மாதக் கணக்கில் பார்த்து, அதையொட்டி நிலையங்களுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். எண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எண்ணுகிற ஆள் வருவதற்குள் விழுகிறவர் விழுந்துவிடுகிறார். முதலாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருந்திருந்தால், ஞாயிறு ஷிப்டை மாற்றித்தரச் சொல்லி ஏஜென்சியிடம் கேட்டிருக்கலாம். அக்காவின் ஆங்கிலத்தில் அதைக் கேட்க அவருக்குப் பயம்.

காசுக் கதைக்கும் வருகிறேன். தனி ஆளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ், அதாவது எங்கள் ஆட்கள் வெல்ஃபெயர் என்கிற அரச உதவி, கொடுப்பது மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு 390. அந்தக் காசுக்கு ஸ்காபரோவில் பேஸ்மன்ட் அறை எங்கே இருக்கிறது என்று உங்களில் யாராவது காட்டினால் நானே போய்ப் பார்க்கிறேன். 2018இல் இருந்து 733 அசையவில்லை. அப்போது 14 டொலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபரில் 17.60 ஆகிவிட்டது. வேலைக்குப் போனால் கையில் வரும் சம்பளத்தில் முதல் 200 டொலரை விட்டுவிட்டு மீதியில் பாதியை வெட்டுகிறீர்கள். 600 உழைத்தால் 200 வெட்டு. அதுவும் மூன்று மாதம் உதவி பெற்றவருக்குத்தான் இந்தச் சலுகை. புதிதாக வந்தவர் உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் போகிறது. ‘வேலைக்குப் போனா வெட்டுவினம்’ என்று எங்கள் ஆட்கள் சொல்வது சோம்பலால் அல்ல, கணக்குத் தெரிந்ததால்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வேலை தொடங்கியதில் இருந்து தொண்ணூறு நாளைக்கு ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும். சப்பாத்துக்கும் பஸ்ஸுக்கும் அன்றைக்கே காசு கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கட்டும். ஏஜென்சியோடு கதைப்பதும் அவர் வேலையாகட்டும். அந்த மூன்று மாத டொலருக்கு டொலர் வெட்டை எடுத்துவிடுங்கள். 733ஐப் பற்றித் தனியாக இன்னொரு மடல் எழுத வேண்டியிருக்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு வேறோர் இடத்தில் இன்ரவியூ. அதுவும் வெயர்ஹவுஸ்தான். நானும் கூடப் போகிறேன். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அவரின் சப்பாத்து அளவு ஆறரை.

இப்படிக்கு,
கதைத்துக் கொடுக்கக் கூட வருகிறவள்