காதொலிக் கருவி: அளக்காமல் மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

முகாம்களில் சிறு குழந்தைகளுக்குக் காதொலிக் கருவி கொடுப்பது நல்ல பணி. ஆனால் பெட்டியைப் பிரித்து அங்கேயே மாட்டி அனுப்புவதை ஏற்க முடியாது.

கைக்குழந்தையின் காதுக்குழாய் மிகச் சிறியது. உள்ளே அடைபடும் காற்று குறையக் குறைய ஒலியழுத்தம் ஏறும். 2 சி.சி. கப்ளரில் (காதுக்குப் பதிலாக வைத்துக் கருவியைச் சோதிக்கும் சிறு அறை) 110 டெசிபல் காட்டும் கருவி, அந்தக் காதில் உயர் அலைவரிசைகளில் 120-ஐயும் தாண்டலாம். பெரியவர்களுக்கான செட்டிங்கையே வைத்தால் மிச்சமுள்ள கேள்திறனும் பாழாகலாம். சத்தம் அதிகம் என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது; கருவியைப் பிடுங்கி எறியும். நாம் அதை அடம் என்கிறோம். மெல்லிய புரோப் குழாயைக் காதுக்குள் வைத்து ஆர்.இ.சி.டி. (குழந்தையின் காதில் வரும் ஒலியளவுக்கும் கப்ளரில் வரும் ஒலியளவுக்கும் உள்ள வித்தியாசம்) அளந்து, உச்ச ஒலிக்கு வரம்பு வைத்த பிறகே கருவியைத் தர வேண்டும். காது வளர்வதால் முதல் ஆண்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூட மோல்டு (காதின் அச்சில் வார்த்து, காதுக்குள் பொருத்தும் துண்டு) மாற்ற நேரும். அப்போதெல்லாம் மறுபடி அளக்க வேண்டும்.

மோல்டுக்கு அச்சு எடுப்பதிலும் அவசரம் கூடாது. ஓட்டோஸ்கோப்பில் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) பார்க்காமல் சிலிக்கோனைச் செலுத்தவே கூடாது. சீழ் இருந்தால் முதலில் காது மருத்துவரிடம் அனுப்புங்கள். நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பு, குழாயின் இரண்டாம் வளைவுக்கு அப்பால் இறுக்கமாக உட்கார வேண்டும். தடுப்பு சிறிதாகி, செவிப்பறையில் ஓட்டையும் இருந்தால் சிலிக்கோன் நடுச்செவிக்குள் போய் இறுகிவிடும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க முடியும். அச்சு எடுப்பவரின் சுண்டுவிரல் குழந்தையின் கன்னத்தில் ஊன்றியிருக்கட்டும். தலையை வெடுக்கென்று திருப்பினாலும் கையும் கூடவே போகும், சிரிஞ்சு முனை காதில் குத்தாது.

பேட்டரி மூடிக்குப் பூட்டு கட்டாயம். தீர்ந்துபோன பட்டன் பேட்டரியிலும் மூக்கையும் காதையும் அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள். ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழன்று உள்ளேயே தங்கிவிடக்கூடிய ரப்பர் டோம் (கருவியின் நுனியில் மாட்டும் குடை போன்ற மூடி) சிறு குழந்தைக்கு வேண்டாம். மென்மையான சிலிக்கோன் மோல்டே சரி.

கருவி வழங்கும் துறைக்கு ஒரு வேண்டுகோள்: ஆர்.இ.சி.டி. அளவு, உச்ச ஒலி வரம்பு, மூடிப் பூட்டு, அடுத்த மோல்டு தேதி ஆகிய நான்கையும் எழுதி, ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) கையெழுத்திட்ட அட்டையைப் பெற்றோரிடம் கொடுத்த பிறகே கருவியை ஒப்படையுங்கள்.

– ஆடியாலஜிஸ்ட் ஒருவர், திருச்சி