கலைச்சொற்களுக்கு அழுத்தக் குறி வேண்டும்

ஆங்கிலத்தில் அறிவியல் பாடநூல்களைத் தயாரிக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பாடநூல்களின் இறுதியில் வரும் கலைச்சொல் பட்டியலில் சொல்லும் பொருளும் தரப்படுகின்றன. அதை ஒலிப்பதற்கான வழி பெரும்பாலும் தரப்படுவதில்லை. அசைப் பிரிப்பையும், எந்த அசையைப் பலமாக ஒலிக்க வேண்டும் எனக் காட்டும் அழுத்தக் குறியையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

டி.என்.ஏ.வின் விரிவில் வரும் டிஆக்சிரைபோநியூக்ளீஇக் என்ற சொல்லைப் பாருங்கள். டி-ஆக்-சி-ரை-போ-நியூ-க்ளீ-இக் என அதில் எட்டு அசைகள். முதன்மை அழுத்தம் ஏழாவதான ‘க்ளீ’யில் விழுகிறது, ‘ஆக்’, ‘ரை’ இரண்டும் துணை அழுத்தம் பெறுகின்றன. இது தெரியாத மாணவர் எட்டு அசைகளையும் ஒரே பலத்தில் ஒப்பிக்கிறார், அல்லது நடுவில் தடுமாறிச் சுருக்கப் பெயருக்கே திரும்பிவிடுகிறார். அழுத்தம் பெறும் மூன்று இடங்களைக் காட்டிவிட்டால் சொல் தானே நாவில் படியும்.

இந்த அழுத்தம் மனம்போனபடி விழுவதன்று. ‘இக்’ என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையே அழுத்தம் பெறும். ஒளிச்சேர்க்கையைக் குறிக்கும் ஃபோட்டோசிந்தசிஸ் என்பதில் ‘சின்’ அழுத்தம் பெறுகிறது. ஃபோட்டோசிந்தெட்டிக் என்று ஆகும்போது அழுத்தம் ‘தெட்’டுக்கு நகர்கிறது. அழுத்தம் மட்டுமா நகர்கிறது? முதற்சொல்லில் மழுங்கி ஒலித்த உயிர், இரண்டாவதில் தெளிவான எகரமாகிவிடுகிறது. ஆகவே ஒரே குடும்பச் சொற்களை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே குறியிட வேண்டும். அரித்மெட்டிக் போன்ற விலக்குகளையும் மறவாதீர்கள்: அது பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ரித்’தும், பெயரடையாக வரும்போது ‘மெட்’டும் அழுத்தம் பெறும்.

சொல்லை வேர்வாரியாகப் பிரித்துக் காட்டினால் போதும் எனச் சிலர் கருதலாம். பொருளறிய அது மிக நல்ல வழியே. ஒலிப்புக்கு அது போதாது. ‘பயோ’, ‘லஜி’ என்று பிரித்துப் படித்தவருக்கு, பை-ஆ-ல-ஜி என்ற ஒலிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில், அதாவது ‘பயோ’வின் கடைசி உயிரில், விழுவது எப்படித் தெரியும்?

குறியைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஒலிப்பை எழுதிக் காட்டப் பயன்படும் பன்னாட்டு ஒலிப்பு நெடுங்கணக்கில் (ஐ.பி.ஏ.) முதன்மை அழுத்தத்திற்கு அசையின் முன் மேற்புறம் சிறு செங்குத்துக் கோடும் (ˈ), துணை அழுத்தத்திற்குக் கீழ்ப்புறம் அதே கோடும் (ˌ) உள்ளன. அகராதிகள் பலவும் அவற்றையே பயன்படுத்துகின்றன. கிலோமீட்டர் போல முதல் அசையிலோ இரண்டாம் அசையிலோ அழுத்தம் கேட்கப்படும் சொற்களுக்கு இரு வடிவங்களையும் அச்சிடுங்கள். அடுத்த பதிப்பில் பட்டியல் முழுவதற்கும் இடம் போதாதெனில், நான்கு அசைக்கு மேற்பட்ட சொற்களிலிருந்தாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்