காரணத்தையும் கேளுங்கள்

ஐயா,

கடலோரப் பள்ளி மாணவர்கள் தர்க்க வினாக்களில் பின்தங்குவது பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். ‘சிந்திக்கும் பழக்கமே இல்லை’ என்ற அதன் முடிவை ஏற்க இயலவில்லை. 1930களின் தொடக்கத்தில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் ஒரு வினா கேட்டார்: பனி படர்ந்த வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை, நோவயா செம்லியா அந்த வடகோடியில் உள்ளது, அங்குள்ள கரடி என்ன நிறம்? பள்ளி செல்லாத உழவர்கள் பலர், கண்ணால் காணாததைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மறுத்துவிட்டனர். சிறிது காலம் படித்தவர்களோ எளிதாக விடை கூறினர். கேட்பவர் தந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண்பது பள்ளி பழக்கும் முறை. அது கைவராததை அறிவின்மை என்பது அநியாயம்.

பாம்பன் பகுதியில் நான் ஆசிரியராக இருந்தபோது, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் படகு 30 கி.மீ. கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி, “கச்சான் காற்றா, வாடைக் காற்றா? நீரோட்டம் எந்தப் பக்கம்?” என்று எழுதியிருந்தாள். கிடைத்தது பூஜ்யம். வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளித்தால் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) படகை மாற்றும் குடும்பத்துப் பிள்ளை வேறெப்படி யோசிக்கும்? வகுத்து விடை எழுதவும் அவளுக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால், வினாத்தாள் குழுவில் கடலோர ஆசிரியர்களுக்கும் இடமளித்து, விடைக்கான காரணத்தை எழுதச் சொல்லி அதற்கும் மதிப்பெண் வழங்கக் கல்வித்துறை முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்