குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வண்டியில் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். ஏப்ரல் 14 பிறந்தால் தீத்தொண்டு வாரம். தீயணைப்பு வீரர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து, எரியும் சிலிண்டர் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கிராமத்தில் ஒரு கூரை வீடோ வைக்கோல் போரோ பற்றிக்கொண்டால் இடிக்கிற இடம் வேறு.

கிராமப்புறம் என்றால் 20 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்று நாட்டளவில் ஒரு நெறி உண்டு. கீற்றுக் கூரை அதுவரை காத்திருக்காது. சரி, அதை விடுங்கள். வந்த பிறகு நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். வழக்கமாக வருகிற வண்டியில் 4,500 லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் காலி. வைக்கோல் போர் மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டு நனைத்தாக வேண்டும். தண்ணீர் நிறையத் தேவைப்படுவதே அப்போதுதான்.

போன கோடையில் எங்கள் தெருவில் இதுதான் நடந்தது. வந்த வீரர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கூப்பிடு தூரத்தில் மேல்நிலைத் தொட்டி நிறையத் தண்ணீர், ஆனால் அதன் குழாயில் வண்டியின் ஹோஸை மாட்ட வழியில்லை. கிணற்றிலிருந்து எடுக்கலாம் என்றால், வண்டிப் பம்பு ஏழு மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்கத் திணறும். கோடையில் எங்கள் கிணறுகளில் தண்ணீர் ஐம்பது அடிக்குக் கீழே. போர்வெல்லும் உதவாது. தீ என்றதும் முதலில் கரண்டைத்தானே நிறுத்துகிறோம்? வண்டி டவுனுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து சாம்பலைத்தான் நனைத்தது.

அமெரிக்கக் கிராமங்களில் தீயணைப்புக்கென்றே தனி வட்டாரம் அமைத்து, சொத்து வரியில் பணம் திரட்டி, பெரும்பாலும் ஊர்த் தொண்டர்களை வைத்தே நடத்துகிறார்கள். அதையெல்லாம் இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அவர்கள் செய்கிற சின்ன வேலை ஒன்று போதும். குளத்துக்குள் ஒரு குழாயைப் பதித்து, அதன் வாயை மட்டும் சாலையோரம் நீட்டி வைத்துவிடுகிறார்கள். வண்டி வந்து மாட்டி உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஏன் யாருக்கும் தோன்றவில்லை? அரசியல் சாசனத்தின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கான பட்டியலில் தீயணைப்பைச் சேர்த்திருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையில் 29 இனங்கள் இருந்தும் தீயணைப்பு இல்லை. தீ என்றால் தீயணைப்புத் துறையின் பொறுப்பு, தொட்டியும் குளமும் ஊராட்சியின் பொறுப்பு என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. நான் கேட்பதற்குக் கோடியெல்லாம் வேண்டாம், உள்ளூர் பிளம்பரே கணக்குச் சொல்லிவிடுவார்.

குளத்தில் அப்படியொரு குழாயைப் பதியுங்கள். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் தீயணைப்பு ஹோஸ் பொருந்துகிற ஒரு வாயும் வால்வும் வையுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் தண்ணீர் தானாக இறங்கும். வண்டி நிற்க இடம் விடுங்கள். டேங்க் ஆபரேட்டரின் போன் நம்பர் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இருக்கட்டும். தீத்தொண்டு வாரம் முடிந்த கையோடு மே 1 கிராம சபை வருகிறது. நிலைய அலுவலரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அன்றே தீர்மானம் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை மாவட்டம்