கருவி பழுதில்லை: புதிதாக நாணயம் தேடுவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பனி உருகி மண் இளகியதும் கனடாவின் ஸ்காபரோவிலுள்ள எங்கள் சிறிய கடைக்குப் புது மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் ஒலிக்கும் கருவி) வாங்கச் சிலர் வருகிறார்கள். போன ஆண்டு வாங்கியதைத் தூக்கிக்கொண்டு, "இது வேலை செய்யவில்லை" என்று வேறு சிலர் வருகிறார்கள். அப்படித் திரும்பி வரும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பழுதும் இல்லை. அமைப்பைச் சரியாக வைக்க நாங்கள் விற்கும்போதே சொல்லித் தந்திருக்க வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த மடல்.

சென்ற மாதம் வந்த ஐயா ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தும் ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று மனம் நொந்து பேசினார். கடையின் பின்வளவுப் புல்லில் என் சட்டைப்பையிலிருந்த 25 சதக் குற்றி (நாணயம்) ஒன்றைப் போட்டேன். அவருடைய கருவி 'நாணயம்' என்ற முறையில் இருந்தது. குற்றியின் மேலாக, கருவியின் அடியில் வட்டத் தட்டாக இருக்கும் சுருளை வீசினார். சத்தமே இல்லை. எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் முறைக்கு மாற்றினோம். உடனே ஒலித்தது.

காரணம் நம் நாட்டுச் சில்லறையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி, கனடாவின் 5, 10, 25 சதக் குற்றிகள் உருக்கின் மேல் செம்பும் நிக்கலும் பூசப்பட்டு வருகின்றன. 2012 முதல் ஒரு டொலர் லூனியும், இரண்டு டொலர் டூனியின் வெளிவளையமும் உருக்குக்கு மாறிவிட்டன. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், குற்றி தாவி ஒட்டும். ஆனால் பல கருவிகளின் நாணய முறை அமெரிக்கச் சில்லறையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அங்கே புழங்கும் குற்றிகளில் உருக்கு இல்லை. ஆகவே இரும்பை ஆணி என்று ஒதுக்கும் அந்த முறை, நம் குற்றியையும் ஆணியோடு சேர்த்து ஒதுக்கிவிடக்கூடும். திரையின் மேல் அச்சிட்டிருக்கும் 5 சதம், 25 சதம் என்ற அடையாளங்களையும் இதே காரணத்தால் நம்ப வேண்டாம்.

சுருளிலிருந்து எழும் மாறுகின்ற காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஒரு பதில் திரும்பி வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை அளந்துதான் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த எண், வீசும்தோறும் ஏறக்குறைய அதே எண். செம்பும் நிக்கலும் கலந்த குற்றியும் மெல்லிய தங்க மோதிரமும் கீழே வரும். சோடா டின்னின் இழுப்பு வளையமும் அதே பக்கம்தான் வரும், இதற்கு மருந்து இல்லை. மோதிரம் வேண்டுமானால் வளையங்களையும் தோண்டித்தான் ஆக வேண்டும். உருக்குக் குற்றியின் எண்ணோ ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் துள்ளும்.

எனவே வெளியே போகும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்குக் கொடுங்கள். வளவில் ஆணியோ குழாயோ இல்லாத ஓரிடத்தைக் கருவியாலேயே தேடிக்கொள்ளுங்கள். உங்களிடமுள்ள குற்றிகளை ஒவ்வொன்றாக வைத்து, எந்த உலோகத்தையும் ஒதுக்காத முறையில் வீசி, எண்ணையும் ஒலியையும் கொப்பியில் எழுதுங்கள். வேறு கருவி வைத்திருக்கும் நண்பரின் எண் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் பழைய ஒரு சதக் குற்றியை வைத்துப் பாருங்கள். 2013 பெப்ரவரி 4 முதல் அதன் விநியோகம் நின்றுவிட்டாலும் பல வீட்டு இழுப்பறைகளில் இன்னும் கிடக்கிறது. 1942 முதல் 1996 வரை வெளிவந்தவை 98 விழுக்காடு செம்பு. நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று காதுக்குப் பழக்க அதைவிடச் சிறந்தது இல்லை.

பிறகு எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அண்மையில் விழுந்த சில்லறைதான் வேண்டுமென்றால் கருவி இரும்பை ஒதுக்காதபடி வையுங்கள். போத்தல் மூடிகளும் ஆணிகளும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளிதான் வேண்டுமென்றால் இரும்பை ஒதுக்கலாம். 1920 முதல் 1966 வரையான 10, 25 சதக் குற்றிகளில் 80 விழுக்காடு வெள்ளி, 1968க்குள் அது 50 ஆகக் குறைந்து பின்னர் நிக்கலாக மாறியது. அந்த வெள்ளிக் குற்றிகள் உயர்ந்த எண்ணில் உறுதியாக ஒலிக்கும். ஆனால் தொடக்கக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் இருபது மணி நேரம் எதையும் ஒதுக்காமல் தேடுங்கள். ஒதுக்கி வைத்தால் காது கற்றுக்கொள்ளாது.

உணர்திறனைப் பலர் உச்சத்தில் வைக்கிறார்கள். ஆழமாகத் தேடும் என்ற ஆசை. நகரத்தில் மின்கம்பியும் கைத்தொலைபேசியும் கிளப்பும் இரைச்சலைக் கருவி வாங்கிக்கொண்டு ஓயாமல் பிதற்றும். சுருளை அசைக்காமல் பிடித்து, பிதற்றல் அடங்கும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அலைவரிசையை மாற்றும் பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையில் அலை ஒதுக்கும் கருமணல் கோடுகள் காந்தத்தில் ஒட்டும் வகை; உலோகம் இல்லாமலேயே கருவி அதற்கு ஒலிக்கக்கூடும். அங்கே மண்ணுக்கேற்பச் சமப்படுத்தும் அமைப்பை, சுருளை மேலும் கீழும் ஆட்டி மீண்டும் வைக்க வேண்டும். காட்டுப் பக்கத்தில் வைத்த அமைப்பு கரையில் உதவாது. எங்கே என்றாலும் சுருள் புல்லை உரசும் உயரத்தில், மெதுவாக, முந்தைய வீச்சின் பாதி மேல் விழும்படி செல்லட்டும்.

இடத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தனியார் காணியென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பூங்காவுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு, நகரசபையைக் கேட்டுவிட்டே போங்கள். தேசியப் பூங்காக்களிலிருந்து பழம்பொருள்களை எடுக்கக் கூடாது. ஒன்ராறியோ மரபுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் தொல்லியல் இடத்தைக் கிளறுவது குற்றம். பழைய குடியிருப்பின் தடயம் போலத் தெரிந்தால் அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். வெட்டிய புல்லை வேரோடு மடித்து வைத்து, மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள்.

சனிக்கிழமை பிற்பகல்களில் பின்வளவில் பத்துக் குற்றிகளைப் புதைத்து வைத்திருப்போம். ஒரு சதம், நிக்கல், வெள்ளி, லூனி, இரண்டு போத்தல் மூடிகளும் கூட. உங்கள் கருவியையும் கொப்பியையும் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை. செம்புக் குற்றி கையில் இல்லாதவர்கள் கேட்டால் இரண்டு தருகிறோம்.

அன்புடன்,
கடையினர்