எண்ணிய வாக்கை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் 'ஜனநாயகமும் சிறுவர்களும்' என்று கட்டுரைப் போட்டி அறிவித்திருந்தீர்கள், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். போட்டிக்கு அல்ல, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலமெல்லாம் தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போயிருக்கிறேன், ஒருமுறை மூதூர், ஒருமுறை தம்பலகாமம், மற்றதெல்லாம் நகரத்துக்குள்ளேயே. உங்களுக்கு நூறு கட்டுரை வந்தால் தொண்ணூறு ஆபிரகாம் லிங்கனில் தொடங்கும், மீதிப் பத்தும் கிரேக்க நாட்டில் தொடங்கும். பிள்ளைகளில் பிழை இல்லை. பாடமாக்கச் சொன்னதைப் பாடமாக்கினால் அப்படித்தான் வரும்.

என் பேத்தி தரம் 9 படிக்கிறாள். எந்தப் பாடசாலை என்று சொல்லப்போவதில்லை, இங்கே திருகோணமலையில்தான். சில மாதங்களுக்கு முன் அவர்களுக்கு மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அவள் வகுப்பில் 34 பேர். கடலுக்குப் போகிறவர் ஒருவரின் மகன் போட்டியிட்டான், படிப்பில் நடுத்தரம், கொஞ்சம் வாய்காரன். அவன் சொன்ன வாக்குறுதி ஒன்றே ஒன்று: பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைப்பேன். ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் அது மாதக்கணக்கில் உடைந்து கிடந்தது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும், இதை யாரும் கேட்காமல் ஒரு பெடியன் கேட்டான். அவனுக்கு 19 வாக்கு. அடுத்தவருக்கு 11, மூன்றாவது ஆளுக்கு 4. பிள்ளைகள் கரும்பலகையில் கோடு போட்டு எண்ணியிருக்கிறார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்தபோது 11 எடுத்த பிள்ளையின் பெயர் வந்தது. "பொறுப்பான பிள்ளை" என்று விளக்கமாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், "அம்மப்பா, எண்ணினது ஒண்டு, வாசிச்சது இன்னொண்டு." எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பெரிய விசயமா என்று மருமகன் சிரித்தார். வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்தவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

வாக்களிப்பு காலை 7 மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் நாங்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, வாக்காளர்கள் பலருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று அங்கிருக்கிற கட்சி முகவர்களுக்கு எல்லாம் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் பூட்டி முத்திரை வைப்பது. முகவர்களில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காதவர்கள் இருப்பார்கள், ஆனால் அந்த ஒரு நிமிடம் எல்லாரும் குனிந்து ஒரே பெட்டிக்குள் பார்ப்பார்கள். பேத்திக்கு ஜனநாயகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோது நான் இதைத்தான் சொன்னேன், லிங்கனைச் சொல்லவில்லை. உனக்குப் பிடிக்காத ஆளும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். எண்ணி வந்த எண்ணிக்கை உனக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான் எண்ணிக்கை.

எங்கள் பழைய ஆட்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலை முறை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, பிறகு ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய சொந்தக்காரனும் நிற்கவே முடியாது. (நம்முடைய சபைகளுக்கு இந்த ஒரு விதியை மட்டும் இறக்குமதி செய்தால் எத்தனை கதிரை காலியாகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.) அது எல்லாருக்குமான ஆட்சி இல்லை, நிலமும் வீடும் உள்ள, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு பிராமணச் சபையில். ஆனால் எனக்கு அந்தப் பையன்தான் உறுத்துகிறான். அவனைக் கூப்பிட்டது அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதற்காக. ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் எங்களுக்கு அந்தப் பையனைத்தான் பிடிக்கிறது. அமைச்சர் வந்தால் வெயிலில் வரிசையாக நின்று பாண்ட் அடிக்கிற பிள்ளை, வெற்றிலைத் தட்டு நீட்டுகிற பிள்ளை, ஆசிரியர் எழுதிக்கொடுத்த பேச்சை மேடையில் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிற பிள்ளை. தாழ்ப்பாள் எங்கே என்று கேட்கிற பிள்ளை வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பார்கள். 1931இல் பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பு 21 வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை தந்தது, அதற்கு முன் அந்தப் பேச்சு எழுந்தபோதும் இதே கேள்விதான் வந்தது. ஏழைக்கும் படிக்காதவனுக்கும் பெண்ணுக்கும் என்ன தெரியும் என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற எங்கள் பெரியவர்களே எதிர்த்தார்கள். 1959இல் வயதை 18ஆகக் குறைத்தார்கள், நாடு கவிழ்ந்து போகவில்லை. ஆஸ்திரியாவில் 2007இலிருந்து 16 வயதில் வாக்குப் போடுகிறார்கள். இங்கேயும் 16 ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வாக்கு இல்லாத வயதிலும் ஒரு பிள்ளையைக் கேட்காமல் செய்யக்கூடாத காரியங்கள் இருக்கின்றன என்கிறேன். ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கிற விடயங்களில் அதன் கருத்தைச் சொல்ல விட வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது.

இதற்கு மேல் உதாரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2021 நவம்பர் 23, எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதியது கட்டுகிற காலம், அதுவரை சனம் போய்வர ஒரு படகுப்பாதை, ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டுபோகிற மிதவை. காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகளும் செத்தார்கள். அந்தப் பாதையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்தப் பக்கம் சரிகிறது என்று எந்தப் பொறியியலாளரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் தினமும் அதில் புத்தகப் பையோடு நின்ற பிள்ளைகள்தான்.

சரி, பிள்ளைகள் எங்கே போய்ச் சொல்வது? இடம் இல்லாமல் இல்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிறுவர் கழகங்கள் இருக்கின்றன, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் நேரே போய்க் கேட்கலாம், உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கழகம் என்றால் சிறுவர் தினத்துக்குப் பலூன் கட்டுவது மட்டும் என்று ஆக்கிவிடக்கூடாது. எங்கள் நகரத்தில் மான்கள் வீதியில் திரிகிறது எல்லாருக்கும் தெரியும், வெளியூர்க்காரர் படம் எடுக்கிறார்கள். அவை குப்பைமேட்டில் சோற்று வாசம் பிடித்த லஞ்ச் சீற்றை, அதுதான் சோற்றுப் பார்சல் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளை, தின்கின்றன. 2017இல் தடை செய்த பொருள். இதைப் பிள்ளைகள் எடுக்கட்டும். எந்தச் சந்தியில், எத்தனை மணிக்குக் குப்பை வண்டி வருகிறது, வராத நாள் எது என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதட்டும். அப்புறம் பெரியவர் ஒருவர் தன் பெயரில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு விண்ணப்பம் போடட்டும், 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். கொப்பியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு நீங்கள் ஜனநாயகம் பற்றிக் கட்டுரை எழுதிக் காட்டத் தேவையில்லை.

இன்னொன்று, பெரும்பான்மை என்றால் எல்லாம் முடிந்தது என்றும் பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது, எங்கள் ஊரில் இது முக்கியம். வகுப்பில் 30 பேர் கை தூக்கி விளையாட்டுப் பயிற்சியை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வைக்கிறார்கள், ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற பிள்ளைகள் நாலு பேர். இது வாக்கெடுப்புக்கு விடுகிற விசயமே இல்லை என்று அந்த 30 பேரில் ஒருத்தர் எழும்பிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப் பழகாமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பேத்தியிடம் போய் முறையிடு, திரும்ப எண்ணச் சொல்லிக் கேள் என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள், "உங்கட ஆக்களும் எலெக்சன் வைக்கேல்லத்தானே?" எனக்குப் பதில் வரவில்லை. கிழக்கு மாகாண சபை இருக்கிறது எங்கள் நகரத்தில்தான். கடைசியாக 2012இல் தேர்தல், 2017 செப்டெம்பரோடு காலம் முடிந்தது, அவள் அப்போது தரம் 1. அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு ஒரு உறுப்பினரை அவள் கண்டதில்லை. 2023 மார்ச்சில் வரவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று நின்றது, அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றமே சொன்னது, 2025 மே மாதம்தான் வாக்குப் போட்டோம். பெரியவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் அந்தப் பாடசாலையும் செய்திருக்கிறது.

கடைசியில் அவளும் இன்னும் ஐந்தாறு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பெயர் மாறவில்லை. தாழ்ப்பாள் மட்டும் அடுத்த கிழமையே வந்துவிட்டது, யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லையாம்.

உங்கள் போட்டிக்கு எழுதச் சொன்னேன், மறுத்துவிட்டாள். அதற்குப் பதில் உங்களிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி தந்தாள், அப்படியே எழுதுகிறேன்: நடுவர்கள் யார், ஒவ்வொருவரும் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று பத்திரிகையில் போடுவீர்களா?

இப்படிக்கு,
பழைய தேர்தல் கடமைக்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.