பேஸ்மென்ட் சார்ஜர்கள் பற்றி எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கீழே பேஸ்மென்டில் மின்வண்டிகளை சார்ஜில் போட்டால் எங்கள் வீட்டு ரேடியோவில் இரைச்சல் கிளம்புகிறதே, அந்த விஷயம்தான். ஆங்கிலத்தில் போட்ட மெயில்கள் எங்கே போய் விழுந்தன என்று தெரியவில்லை. கமிட்டியில் பாதிப் பேர் தமிழர்கள், எனவே இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பின்னணி உங்களுக்குத் தெரியும். ஆனால் போன கூட்டத்தில் பொருளாளர் சொன்னதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அங்கிளுக்கு ரேடியோ கேட்கலைன்னா மொபைல்ல ஆப் போட்டுக் குடுங்க சார்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த அங்கிள் என் மாமனார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. மொபைல் திரையில் எதைத் தொடுவது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் ரேடியோவில் குமிழை எவ்வளவு திருப்பினால் எந்த நிலையம் என்று விரலுக்குத் தெரியும். பகலில் ஆகாசவாணி பெங்களூரு, 612 கிலோஹெர்ட்ஸ். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சென்னை 720, அது சரியாக எடுக்காவிட்டால் திருச்சி 936. இருட்டிய பிறகு மத்திய அலை (மீடியம் வேவ்) வானில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த நிலையங்கள் பெங்களூரு வரை இவ்வளவு தூரம் வருகின்றன, வரும்போதே மெலிந்துதான் வரும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆபீஸ் விட்டு வந்தவர்கள் எல்லாரும் கீழே வண்டியை சார்ஜில் போடுகிறார்கள். உடனே உர்ரென்று ஓர் உறுமல் கிளம்பி, செய்தி வாசிப்பவரின் குரல் அதற்கு அடியில் போய்விடுகிறது. எங்கள் வீடு முதல் மாடி, பார்க்கிங்குக்கு நேர் மேலே. இப்போதெல்லாம் அவர் எட்டரைக்கே படுத்துவிடுகிறார். "தூக்கம் வருது மாப்ளே" என்கிறார். பத்து மணிக்குப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்.

இது கிழவரின் பிரமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் சிவாஜிநகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தவர். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு டிரான்சிஸ்டரோடு பேஸ்மென்டைச் சுற்றி வந்தார். செட்டைத் திருப்பித் திருப்பி, உறுமல் எந்தத் திசையில் குறைகிறது, எங்கே ஏறுகிறது என்று பார்த்தே எந்த பார்க்கிங் ஸ்லாட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். எந்த ஸ்லாட் என்று இங்கே எழுதவில்லை, செயலாளருக்குத் தெரியும்.

சுவரில் மாட்டிய கார் சார்ஜர் பெட்டிகளை நான் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. வீட்டில் மாட்டும் ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜர் என்பது பெரும்பாலும் பாதுகாப்போடு கூடிய ஒரு பெரிய சுவிட்ச்தான், மின்சாரத்தை மாற்றும் வேலை காருக்குள் இருக்கும் சார்ஜரில் நடக்கிறது. ஸ்கூட்டரோடு வரும் செங்கல் மாதிரி சார்ஜரில் அந்த வேலை முழுக்க வெளியே, அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி பேட்டரிக்குத் தருகிறது. வெட்டும் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் இரைச்சல் கிளம்பும். உதாரணமாக 65 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 65,000 முறை வெட்டினால், அதன் பதினோராம் மடங்கு 715. சென்னை 720க்கு ஒட்டின பக்கத்து வீடு! அதைத் தடுக்க உள்ளே வடிகட்டி இருக்க வேண்டும். விலை குறைந்த மாற்றுச் சார்ஜர்களில் முதலில் கை வைப்பது அதில்தான். வடிகட்டி இருந்தாலும் எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் பாதி வேலை செய்யாது. நம் பேஸ்மென்டில் எர்த் பின்னை உடைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். அப்புறம் அந்த நீள வயரே ஏரியல் ஆகிவிடுகிறது.

"எல்லாத்துலயும் பி.ஐ.எஸ். ஸ்டிக்கர் இருக்கே" என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையைக் காட்டினீர்கள். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான சான்று வேறு, இரைச்சலைக் கக்காது என்பதற்கான சோதனை வேறு. வண்டிக்கு வெளியே இருக்கும் சார்ஜர்களின் மின்காந்த உமிழ்வுக்கென்றே, அதாவது இந்த இரைச்சலுக்கென்றே, ஐ.இ.சி. 61851-21-2 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, நம் நாட்டின் ஐ.எஸ். 17017 தர வரிசையில் அதற்கு இடம் உண்டு. 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை வயர் வழியாக எவ்வளவு இரைச்சல் போகலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள், மத்திய அலை முழுக்க அதற்குள் அடக்கம். வீடுகளுக்கு ஒரு வரம்பு, தொழிற்பேட்டைக்குச் சற்றுத் தளர்ந்த வரம்பு. நான் முதலில் கேட்பது இதுதான். சார்ஜருக்கு அனுமதி தருமுன் வீட்டு வரம்புக்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப் குரூப்பில் 'பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சார்ஜர் பக்கம் போகாதீர்கள்' என்று யாரோ தட்டிவிட, டி பிளாக் பெரியவர் லிஃப்டுக்குக்கூட வர பயப்படுகிறார். 2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் (இதயத் துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி தந்து சரிசெய்யும் கருவி) வைத்த 130 பேரை 350 கிலோவாட் வரை தரக்கூடிய சார்ஜர்களில் நிறுத்திப் பார்த்தார்கள், ஒருவருக்கும் பாதிப்பில்லை. நம் வீட்டுச் சார்ஜர் வழக்கமாக 7.4 கிலோவாட்டைத் தாண்டாது. இல்லாத பயத்துக்கு நோட்டீஸ் ஒட்டுகிறீர்கள், இருக்கிற உறுமலுக்கு ஆப் போடச் சொல்கிறீர்கள். கிளப் ஹவுஸ் நீரூற்றுக்கு ஊரெல்லாம் கொட்டேஷன் வாங்கிய கமிட்டி இது!

மின்வண்டிக்கு நான் எதிரி இல்லை, அடுத்து நானும் ஒன்று வாங்கத்தான் போகிறேன். யாரையும் சார்ஜ் போடாதே என்று சொல்லச் சொல்லவில்லை. தயவுசெய்து ஒரு ராத்திரி எலெக்ட்ரீஷியனை வைத்து சார்ஜர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், உறுமல் எதில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்த சாக்கெட்டின் எர்த்தைச் சரிசெய்து, எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு, வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையம் மாட்டிப் பார்க்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் வண்டிக் கம்பெனியின் அசல் சார்ஜரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களிடம் சோதனை அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கையைக் கேட்பதற்குச் சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, சோதனைக்கு எந்த நாள் என்று எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் மாடிவாசி